பிள்ளைகளின் உடல் பருமன்: தோட்டப்புறப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வேலையை விட்ட பிறகும் கேள்விகள் விடவில்லை. கோயில் அன்னதான வரிசையில், காலைச் சந்தையில், கல்யாண மண்டபத்தில் என்று எங்கே போனாலும் பிள்ளைகளின் எடையைப் பற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவரவர் கேட்டபடியே கேள்விகளை வைத்து, என் பதில்களையும் எழுதியிருக்கிறேன். இது பொதுவான விளக்கம். உங்கள் பிள்ளைக்கென்று சொல்ல வேண்டியதை டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"என் பையன் குண்டா, இல்ல சும்மா கொழுகொழுன்னு இருக்கானா? பாத்தா ஒன்னும் தெரியலயே மிஸ்ஸி."

பார்த்துச் சொல்ல முடியாது, அளந்துதான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுப் பிள்ளையும் வகுப்பில் கூட உட்காரும் பிள்ளையும் பருமனாக இருந்தால் நம் கண்ணுக்கு அதுவே சாதாரணமாகிவிடும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வருகிற பி.எம்.ஐ. எண்ணைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு அதில் ஒரே எல்லைதான். பிள்ளைகளுக்கு வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் வைத்து எல்லை மாறும். பி.எம்.ஐ. 20 என்பது பெரியவருக்கு நல்ல எண். 7 வயதுப் பிள்ளைக்கு அதே 20 வந்தால், உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சிக் கோட்டுப்படி அது உடல் பருமன். அதனால் பெரியவர்களுக்கான அட்டவணையை இணையத்தில் எடுத்துப் பிள்ளையின் எண்ணை அதில் தேடாதீர்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. பிள்ளையின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். நூல் எட்டினால் சரி, எட்டாவிட்டால் வயிற்றில் கொழுப்பு சேர்கிறது என்று அர்த்தம். 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இது பொருந்தும். தையல்கார அக்கா வீட்டு அளவு நாடா இருந்தால் இன்னும் நல்லது.

பள்ளியிலும் அளக்கிறார்கள். நான்காம் ஆண்டிலிருந்து வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிற செகாக் உடற்பயிற்சிச் சோதனையில் பி.எம்.ஐ.யும் சேர்த்தி. ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார்கள். பெரும்பாலான பெற்றோர் கேட்பதே இல்லை.

"வளந்தா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. அவங்க மகனும் சின்னதுல குண்டாத்தான் இருந்தாராம்."

கைக்குழந்தையாக இருக்கும்போது உள்ள சதையைப் பற்றி என்றால் மாமியார் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஒரு வயதுக்குப் பிறகு பிள்ளை நடந்து ஓடி மெலியும். பி.எம்.ஐ. 5, 6 வயது வரை இறங்கி, பிறகு மெல்ல ஏற ஆரம்பிக்கும். மூன்று நான்கு வயதிலேயே அது ஏற ஆரம்பித்தால்தான் கவனிக்க வேண்டும்.

10 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை பொருந்தாது. பதின்ம வயதில் உடல் பருமனாக இருப்பவர்களில் ஐந்தில் நான்கு பேர் அளவுக்குப் பெரியவர்களான பிறகும் அப்படியே இருக்கிறார்கள். மாமியாரின் மகனுக்கு இப்போது என்ன எடை, என்ன பிரஷர் என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கே தெரியும்.

"நம்ம நாட்டுல இது அவ்வளவு பெரிய பிரச்சினையா? டிவியில சும்மா பயமுறுத்துறாங்களோ?"

சுகாதார அமைச்சு 2019-ல் எடுத்த தேசிய ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் 29.8 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். அதில் பாதிக்குப் பாதி உடல் பருமன். 2022-ல் பதின்ம வயது மாணவர்களிடம் எடுத்த ஆய்விலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான். இதே நாட்டில்தான் 5 வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் குட்டையாக இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் பருமனாகவும் தங்கை வளர்ச்சி குன்றியும் இருப்பதைத் தோட்டப்புறத்தில் பார்க்கலாம். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வயிறு நிரம்புகிறது, சத்து சேரவில்லை.

இதைச் 'சோம்பேறிப் பிள்ளை, கவனிக்காத அம்மா' என்று சுருக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மூன்றில் ஒரு பிள்ளை என்றால், அந்தப் பிள்ளைகளைச் சுற்றி இருக்கிற கடை, வேலை நேரம், சாலை, வீடு எல்லாவற்றையும்தான் பார்க்க வேண்டும்.

"நாங்க தோட்டத்துல தட்டு நெறையா சோறு சாப்பிட்டு வளந்தோம். எங்களுக்கு ஒன்னும் ஆகலயே?"

தட்டு நிறையச் சோறு சாப்பிட்டீர்கள், சரி. அதற்கு முன்னால் என்ன செய்தீர்கள்? அம்மாவும் அப்பாவும் விடியுமுன் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போனார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு கிளம்ப வேண்டும். பிறகு பால் எடுத்து ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். பிள்ளைகள் விறகு பொறுக்கி, தண்ணீர் தூக்கி, பள்ளிக்கு நடந்து போய், சாயங்காலம் தோட்ட வரிசை வீடுகளான லயத்தின் திடலில் இருட்டும் வரை பந்து விளையாடினார்கள். கோழிக்கறி ஞாயிற்றுக்கிழமை. கலர் தண்ணீர் தீபாவளிக்கு.

1980-களிலும் 90-களிலும் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாகி விற்கப்பட்டன. லயத்தில் இருந்தவர்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்தார்கள், வேலைக்குத் தொழிற்சாலை பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. திடல் போனது, வீட்டுக்குப் பின்னால் இருந்த முருங்கையும் கீரையும் போயின. தட்டு மட்டும் அதே அளவு. போதாததற்கு, பசியோடு வளர்ந்த தலைமுறை பிள்ளைக்கு அள்ளி வைப்பதில் ஒரு நிறைவைக் காண்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 'எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்பவர்களில் எத்தனை பேர் மாதா மாதம் இனிப்பு நீர் (நீரிழிவு) மாத்திரை எடுக்க கிளினிக்கில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"தாத்தாவுக்கு இனிப்பு நீர், அப்பாவுக்கும் இனிப்பு நீர். பிள்ளைக்கும் வந்துதானே தீரும்? அப்புறம் எதுக்குப் பட்டினி போடணும்?"

வந்துதான் தீரும் என்பதில்லை, வர வாய்ப்பு அதிகம். மலேசியாவில் பெரியவர்களிடையே இனிப்பு நீர் விகிதம் இந்தியர்களிடம்தான் கூடுதல் என்று தேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. குடும்பத்தில் இருப்பது ஒரு காரணம். இன்னொன்று நம் உடல்வாகு. புனே நகரில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தபோது, இந்தியக் குழந்தைகள் எடையில் குறைவாக இருந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு குறையாமல் இருப்பதைக் கண்டார்கள். தசை குறைவு, கொழுப்பு மிச்சம். அதனால்தான் மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சிக்கல் தொடங்குகிறது.

விதை நம்மிடம் இருக்கிறது என்றால் தண்ணீர் ஊற்றுவதைக் குறைக்கலாமே. அப்பாவுக்கு 45-ல் வந்தது பிள்ளைக்கு 20-ல் வருவதற்கும் 60-ல் வருவதற்கும் இடையே ஒரு வாழ்நாள் இருக்கிறது. பட்டினி போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

"எம் புள்ள ஒல்லிதான். அப்போ இதெல்லாம் எனக்கு வேண்டாந்தானே?"

மேலே சொன்ன காரணத்தால் முழுக்கத் தப்பித்துவிட முடியாது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னே வந்த பிள்ளைகள் உண்டு. நூலை எடுத்து அளந்து பாருங்கள்.

"கழுத்துல கருப்பா பட்டை மாதிரி இருக்கு. தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டுறேன், போக மாட்டேங்குது."

தேய்க்காதீர்கள், அது அழுக்கு இல்லை. என்னிடம் வந்த கேள்விகளிலேயே அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது இதுதான். பிள்ளைகள் பாவம், சிவந்து எரியும் கழுத்தோடு வருவார்கள். எலுமிச்சை, சோடா மாவு, வெளுக்க வைக்கிற கிரீம் என்று எல்லாம் போட்டிருப்பார்கள்.

பின்கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி போல ஆவதை 'அக்கான்தோசிஸ் நிக்ரிகன்ஸ்' என்பார்கள். உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரந்து தள்ளும். இரத்தத்தில் மிஞ்சி நிற்கும் அந்த இன்சுலின் தோல் செல்களை வேகமாக வளரத் தூண்டுகிறது. இப்போதே இனிப்பு நீர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் உடல் அந்தப் பக்கம் போகிறது. பருமனான பிள்ளைக்கு இது இருந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். எடை கட்டுக்குள் வந்தால் கருப்பும் மெல்ல மங்கும். மாநிறப் பிள்ளைகளிடம் இது நன்றாகத் தெரியும் என்பதால், தராசே இல்லாமல் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை இது.

"மைலோவும் தேத்தண்ணியும் பால்தானே? கேஸ் தண்ணி நாங்க வாங்குறதே இல்ல."

வீட்டில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால், நான் சோற்றைச் சொல்ல மாட்டேன். குடிப்பதைத்தான் சொல்வேன். குடிக்கிற சீனி வயிற்றை நிரப்பாது, பசியையும் குறைக்காது. மேலே மேலே ஏறிக்கொண்டே போகும்.

தேத்தண்ணியில் ஊற்றும் டின் பால் பெரும்பாலும் பாலே இல்லை. தாவர எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர் அது, எடையில் ஏறத்தாழ பாதி சீனி. இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் 20 கிராம் பக்கம் வந்துவிடும். சாக்லேட் மால்ட் பானத்தின் மாவிலும் சீனி உண்டு, அதன் மேல் கிரீமரையும் ஊற்றி ஐஸ் போட்டுக் கொடுத்தால் அது இனிப்புப் பலகாரம். உலகச் சுகாதார நிறுவனம், நாம் சேர்க்கிற சீனி மொத்தக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், 5 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. ஒரு நாளைக்கு 1,600 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது 40 கிராம், குறைத்தால் 20 கிராம். காலையில் பசியாறும்போது ஒரு தே, பள்ளியில் ஒரு சிராப், சாயங்காலம் ஒரு மைலோ என்றால் கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

ஒரே நாளில் நிறுத்தினால் வீட்டில் போர்தான். வாரா வாரம் கொஞ்சம் குறையுங்கள். கடையில் 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள், சில மாதங்களில் நாக்கு பழகிவிடும். மாவையும் கிரீமரையும் பாதியாக்கிச் சாதாரணப் பால் ஊற்றலாம். பள்ளிக்கு வெறும் தண்ணீர் போத்தல். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பால் போத்தலில் கிரீமர் கலப்பதை மட்டும் குறைக்கவெல்லாம் வேண்டாம், இன்றே நிறுத்துங்கள்.

"தேன், பனங்கருப்பட்டி, பழச்சாறு குடுக்கலாமா? அது இயற்கைதானே?"

உடலுக்குள் போனால் எல்லாம் சீனிதான். பழத்தைப் பழமாகக் கொடுங்கள். கொய்யா, பப்பாளி, வாழைப்பழம் போதும், ஆப்பிள் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

"அதான் சீனி வரி போட்டுட்டாங்களே, இன்னுமா?"

2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கி, 2024-ல் 50 காசு, 2025-ல் 90 காசு என்று ஏற்றினார்கள். பொதுவாக 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்குத்தான் இந்த வரி. நல்ல காரியம், நான் ஆதரிக்கிறேன். ஆனால் ஒட்டுக்கடையில் கலக்கிக் கொடுக்கும் தண்ணீருக்கு இந்த வரி கிடையாது. அப்புறம், வரிக்குள் வராமல் 100 மில்லிக்கு 4.9 கிராம் வைத்தாலும், 500 மில்லி போத்தலை ஒரே மூச்சில் குடித்தால் கிட்டத்தட்ட 25 கிராம் போய்விடும். போத்தலின் பின்பக்கத்தைப் படிக்கப் பிள்ளைக்கே கற்றுக்கொடுங்கள். கணக்குப் பாடமும் ஆச்சு.

"அப்போ சோத்தை நிறுத்திரட்டா?"

வேண்டாம். சோற்றை நிறுத்தினால் பிள்ளை இரவு மேகி கிண்டிச் சாப்பிடும். சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' தட்டைப் பின்பற்றுங்கள்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், கோழி, முட்டை அல்லது பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். உருளைக்கிழங்குப் பிரட்டல் காய்கறிக் கணக்கில் வராது, அது சோற்றின் பங்காளி. சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டும் பாதித் தட்டு ஆகாது.

காய்கறி விலை எனக்குத் தெரியும். கங்கோங் கீரை, சாவிக் கீரை, நீளப் பயறு, பூசணி ஆகியவை இன்னும் வாங்கக்கூடிய விலையில்தான் இருக்கின்றன. டின் சார்டினும் முட்டையும் கேவலமான சாப்பாடு இல்லை. ரொட்டி சானாய், நாசி லெமாக், பொரித்த கோழி எல்லாம் வாரத்தில் ஒரு நாளுக்குரியவை. தினமும் பசியாற அதுதான் என்றால் எண்ணெய்தான் தட்டை ஆள்கிறது.

"நான் வீட்டுல பாத்துப் பாத்துக் குடுத்தாலும் பள்ளிக்கூடத்துல கண்டதையும் திங்கிறானே?"

பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்பதற்கு அமைச்சின் வழிகாட்டி இருக்கிறது. உங்கள் பள்ளியில் அது எப்படி நடக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். சண்டை போடக் கேட்காதீர்கள். சிற்றுண்டிச்சாலை நடத்தும் அம்மாவுக்கும் நம்மைப் போலத்தான் குடும்பம் இருக்கிறது, சின்னப் பள்ளியில் வியாபாரமும் குறைவு. 'சிராப்புக்குப் பதில் வெட்டிய பழம் வையுங்கள், நாங்கள் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புகிறோம்' என்றால் கேட்பார்கள்.

உண்மையான தலைவலி பள்ளி வாசலுக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் வைத்துத் தின்பண்டம் விற்கும் கடைதான். அதற்கு ஒரே மருந்து, கையில் கொடுக்கும் காசைக் குறைத்துச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பது. இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கும் அம்மாவுக்கு இது சுலபமில்லை என்று தெரியும். வாரத்தில் இரண்டு நாள் முடிந்தாலும் லாபம்தான்.

"வெளிய வெளையாட விடப் பயமா இருக்கு. லோரி, நாய், கெட்ட சகவாசம்…"

பயம் நியாயமானதுதான். ஆனாலும் 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்குகிற அளவுக்கு உடல் அசைய வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், துண்டு துண்டாகவும் சேர்க்கலாம். நாலு வீட்டுப் பெற்றோர் சேர்ந்து முறை வைத்து ஒருவர் திடலில் உட்கார்ந்தால் போதும். பூப்பந்து, கயிறு தாண்டல், கபடி எதுவானாலும் சரி. மழை நாளில் வீட்டுக்குள்ளே பாட்டுப் போட்டு ஆடட்டும்.

ஃபோனை விடத் தூக்கத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும். பள்ளி வேனுக்கு விடிகாலை ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை, இரவு பதினொன்றரைக்கு ஃபோனோடு படுக்கிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், மறுநாள் இனிப்புத்தான் கேட்கும்.

"மக வயசுக்கு வந்துட்டா. இப்போ நல்லா சாப்பிடணும்னு சொல்றாங்க. ஓடியாடவும் விட மாட்டேங்குறாங்க."

சடங்கு நாட்களில் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை கொடுப்பதில் தவறில்லை. அதை மாதக் கணக்கில் இழுப்பதும், அதே சமயம் விளையாட்டை நிறுத்துவதும்தான் சிக்கல். நம் பெண்பிள்ளைகளின் எடை ஏறுவதை நான் அதிகம் பார்த்தது இந்தக் கட்டத்தில்தான். பருமனான பெண்பிள்ளைகள் சீக்கிரம் பூப்பெய்துவதும் உண்டு, எட்டு வயதுக்கு முன்பே மார்பு வளர ஆரம்பித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பூப்பெய்திச் சில வருடங்களான பிறகும் மாதவிலக்கு தாறுமாறாக வந்து, முகத்தில் முடியும் பருவும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று தள்ளிப் போடாதீர்கள்.

"பாட்டிதான் பாத்துக்கறாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

மருமகள் சொன்னால் குற்றச்சாட்டாகக் கேட்கும். மகன் சொல்லட்டும், இல்லை கிளினிக்கில் பாட்டியையும் உட்கார வைத்து டாக்டர் சொல்லட்டும். பாட்டிக்கே இனிப்பு நீர் இருந்தால் இன்னும் சுலபம்: 'ஆயா, உங்களுக்குச் சமைக்கிறதையே இவனுக்கும் குடுங்க' என்று சொல்லிவிடலாம். பாட்டியின் கையில் முறுக்கு டின்னுக்குப் பதிலாக வேறு வேலையும் கொடுக்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற, சந்தைக்கு நடக்கப் பேரனைக் கூட்டிப் போகட்டும்.

"'குண்டா'ன்னு திட்டினாத்தான் ரோஷம் வந்து கொறைப்பான்னு அவங்க அப்பா சொல்றாரு."

குறைக்க மாட்டான், ஒளித்துச் சாப்பிடுவான். கேலிக்கு ஆளாகும் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறார்கள், மனம் சோர்ந்து இன்னும் அதிகம் சாப்பிடுகிறார்கள், எடை ஏறுகிறது. கல்யாண வீட்டில் கன்னத்தைக் கிள்ளி எடையை விசாரிக்கும் சொந்தக்காரர்களையும் சேர்த்தே சொல்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் வைப்பதும் ஒரு தண்டனைதான். மாற்றம் என்றால் வீட்டில் எல்லோருக்கும். அப்பாவின் தே தாரேக்கும் அதில் அடக்கம்.

"அப்போ எத்தன கிலோ கொறைக்கணும்?"

வளரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டியதில்லை. எடை இப்படியே நிற்க, உயரம் வளர்ந்தால் பி.எம்.ஐ. தானாக இறங்கும். அதிகப் பருமன், அல்லது உயரம் வளர்ந்து முடிந்த வயது என்றால் மெல்லக் குறைக்க டாக்டரும் உணவு ஆலோசகரும் திட்டம் போடுவார்கள். தினமும் தராசில் ஏற்றாதீர்கள், மாதம் ஒரு முறை போதும்.

"ஃபேஸ்புக்குல மெலிய வைக்கிற காப்பி விக்கிறாங்க. ஊசிகூட இருக்காமே?"

அந்தக் காப்பியைத் தொடாதீர்கள். இத்தகைய பொருட்களில் சிபுட்ராமின் என்ற மருந்து மறைவாகக் கலந்திருப்பது நம் நாட்டிலேயே பலமுறை பிடிபட்டிருக்கிறது. இதயத்துக்கு ஆபத்து என்று 2010-ல் பல நாடுகள் சந்தையிலிருந்து எடுத்த மருந்து அது. நம் நாட்டில் முறையாகப் பதிந்த மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். இருந்தாலும் பிள்ளைக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

ஊசி இருப்பது உண்மைதான். செமாகுளுடைட் மருந்தை 12 வயதுக்கு மேற்பட்ட பருமனான பிள்ளைகளுக்கு அமெரிக்கா 2022-ல் அனுமதித்தது. நிபுணர் பார்த்து, உணவும் நடமாட்டமும் மாறியும் போதாதபோது, நோய்களும் சேர்ந்திருக்கும்போது யோசிக்கிற விஷயம் அது. இணையத்தில் ஆர்டர் போட்டுப் பிள்ளைக்குக் குத்துவதற்கு இல்லை.

"கிளினிக்குக்கு எப்போ போகணும்? செலவு நெறைய ஆகுமா?"

நூல் எட்டாத பிள்ளை, கழுத்துக் கருப்பு உள்ள பிள்ளை, செகாக் சோதனையில் பருமன் என்று வந்த பிள்ளை, எல்லோரையும் ஒரு முறை காட்டுங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வந்தால் தள்ளிப் போடாதீர்கள். பருமனான பிள்ளை திடீரென்று நொண்டினாலோ, முட்டி அல்லது இடுப்பு வலி என்றாலோ அன்றே போங்கள். இடுப்பு எலும்பின் வளர்ச்சித் தட்டு நழுவியிருக்கலாம், சில சமயம் வலி முட்டியில்தான் தெரியும். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், காரணமில்லாமல் மெலிதல் ஆகியவையும் அன்றே காட்ட வேண்டியவை. பருமனான பிள்ளை மெலிகிறது என்று சந்தோஷப்பட்டுக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளிதான். பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் இருந்தால் எடுத்துப் போங்கள், பழைய எடையும் உயரமும் அதில் இருக்கும். போவதற்கு முன் மூன்று நாள் பிள்ளை குடித்ததையும் தின்றதையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், ஒளிக்காமல். இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். எடுத்து முடிந்ததும் சாப்பிட, வீட்டிலிருந்தே இரண்டு இட்லியோ அவித்த முட்டையோ கட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் பசியில் அழுகிற பிள்ளையை எதிரே இருக்கிற கடைக்குத்தான் கூட்டிப் போக வேண்டிவரும்.